ஹாஃப் கிளட்ச்

எங்கள் தெருவில் காலை ஆறே முக்காலுக்கு யாருக்கும் அலாரம் தேவையில்லை. அக்கா பையன் காரை ஸ்டார்ட் செய்வான். அந்தச் சத்தத்தில் எதிர் வீட்டுத் தாத்தா எழுந்து உட்காருவார். தென்னை மரத்துக் காக்கைகள், வேடந்தாங்கலில் இடம் காலியா என்று விசாரிக்கக் கிளம்பிவிடும். மதுராந்தகத்தில் ஏரியைக் காக்க ராமர் இருக்கிறார். எங்கள் காதைக் காக்கத்தான் ஆளில்லை.

கார் என்றதும் ஏதோ ஜெர்மன்காரன் செய்தது என்று நினைத்துவிடாதீர்கள். மாருதி எஸ்டீம். 1994-ல் வந்து, 2007-ல் கடையை மூடிக்கொண்ட மாடல். இவன் வாங்கியது 2005 வண்டி. அவனைவிட ஐந்து வயதுதான் சின்னது. பதினைந்து வருஷம் முடிந்து, ஆர்.டி.ஓ. ஆபீஸில் பதிவைப் புதுப்பித்த பிறகு வாங்கினான். ‘ஏண்டா, ரிடையர் ஆனவரையா வேலைக்கு எடுக்கிறே?’ என்று கேட்டேன்.

“மாமா, உங்களுக்குத் தெரியாது. வெயிட்டு ஒரு டன்னுக்கும் கம்மி. 1.3 லிட்டர், பதினாறு வால்வு, 85 குதிரை. இருங்காட்டுக்கோட்டைல எத்தனை ரேஸ் ஜெயிச்ச வண்டி தெரியுமா?”

இந்தக் கிறுக்கு அவனோடு ஆரம்பித்ததல்ல. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் ஆரம்பித்தது. யுத்த காலத்து விமான ஓடுதளம் ஒன்று சோழவரத்தில் சும்மா கிடக்க, அதில்தான் பல வருஷம் பந்தயம் நடந்தது. 1990-லிருந்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாகவே ஒரு டிராக். கோயமுத்தூர் நாராயண் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன்றுக்கே போய்விட்டார். 2024-ல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரியில் விளக்குப் போட்டு ரேஸ் விட்டார்கள். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் அணி அதன் பிரிவில் மூன்றாவது இடம். இவ்வளவும் நடந்த பிறகு மதுராந்தகத்துப் பையன் ஒருவன் சும்மா இருப்பானா?

எஞ்சின் தலையை இறக்கி ‘போர்ட்டிங்’ செய்தான். கேம் ஷாஃப்டை மாற்றினான். சைலன்சரைக் கழற்றிவிட்டுக் குழாய் ஒன்றை மாட்டினான். செலவுக் கணக்கு அக்காவுக்குத் தெரியாது. இந்த வாரம் அவள் வீட்டுக்கு இந்தப் பத்திரிகை போகாமல் பார்த்துக்கொள்வதாக அவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

சரி, பையன் ஆசை, போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் அதே காரில்தான் வாரம் இரண்டு நாள், அவன் அப்பாவை டயாலிசிஸுக்குச் செங்கல்பட்டு அழைத்துப் போகிறான். இருபத்தைந்து கிலோமீட்டர். எட்டு மணிக்கு மெஷின் காலியாக இருக்கும். லேட்டானால் அடுத்தவர் படுத்துவிடுவார்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை. மாமண்டூர் தாண்டிப் பாலாற்றுப் பாலத்தில் ஏறுகிற நேரம். பின்னால் ஒரு அரசு பஸ், தன் ஹாரன் எதற்கு இருக்கிறது என்பதை நிரூபித்துக்கொண்டிருந்தது. பையன் ஆக்ஸிலேட்டரை மிதித்தான். எஞ்சின் ஊளையிட்டது. ஆர்.பி.எம். முள் விர்ரென்று ஏறியது. ஸ்பீடாமீட்டர் முள் மட்டும், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட மனுஷன் மாதிரி அசையாமல் கிடந்தது. உள்ளே தீய்ந்த வாடை. பின் சீட்டில் மாமா, “ஏம்ப்பா, யாரு வூட்லயோ சோறு அடி பிடிக்குது போல” என்றாராம்.

நாற்பது நிமிஷம் லேட். அன்றைக்கு நர்ஸம்மா நல்ல மனசோடு இருந்ததால் மத்தியான ஷிஃப்டில் இடம் கிடைத்தது. சாயங்காலம் வந்த அக்கா அழவில்லை, திட்டவில்லை. “தம்பி, நீ கொஞ்சம் அவன்கிட்ட பேசு” என்றாள். அக்கா திட்டாமல் இருந்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

பேசினேன். அவன் தயாராக இருந்தான்.

“எஞ்சின் பவரு ஏறிடுச்சு மாமா. கம்பெனி கிளட்ச் தாங்கல. எட்டு மாசம் முன்னாடிதான் பிளேட் மாத்துனேன், அதுவே போயிடுச்சு. ஒர்க்ஷாப்ல கேட்டுட்டேன். ரேஸ் கிளட்ச்தான் போடணுமாம். ஆறு பக்கு, செராமிக். 38,000 ஆவும்.”

“பக்குன்னா?”

போனில் படம் காட்டினான். வட்டத் தட்டைச் சுற்றி ஆறு வில்லைகள். மூக்குத்தி வைத்த ஃபேன் மாதிரி இருந்தது. 38,000 ரூபாய் என்பது அவன் இரண்டு மாதச் சம்பளத்துக்குக் கொஞ்சம் குறைவு. அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.

“வாங்கறதுக்கு முன்னாடி ஒருத்தரைப் பார்த்துட்டு வந்துரலாம் வா” என்று ஏரிக்கரைப் பக்கம் இருக்கும் மெக்கானிக் அண்ணனிடம் இழுத்துக்கொண்டு போனேன். தகரக் கொட்டாய், வேப்பமரம், போர்டுகூட கிடையாது. பழைய ஃபியட், ஸ்டாண்டர்டு காலத்திலிருந்து கை கறுத்தவர்.

அவர் முதலில் வண்டியைப் பார்க்கவில்லை. பையனைப் பார்த்தார்.

“கிளட்ச்சுன்னா இன்னா தம்பி?”

“எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல...”

“அதெல்லாம் புஸ்தகம். அதோ பாரு” என்று ஏரியைக் காட்டினார். “ஏரி நெறைய தண்ணி நிக்குது. அதான் எஞ்சின். கழனி அந்தாண்ட இருக்குது. அதான் சக்கரம். நடுவுல மதகு. மதகை மெல்லத் தூக்குனா பயிரு பொழைக்கும். படார்னு தூக்குனா வரப்பு போயிடும். மதகு ஒழுகுனா கழனிக்கு வேண்டிய தண்ணி கழனிக்குப் போவாது. உன் மதகு ஒழுகுது. ஏன் ஒழுகுதுன்னு பாக்காம, நீ இரும்புக் கதவு வாங்கணும்ன்றே.”

இதைவிடத் தெளிவாக எந்தப் பாலிடெக்னிக்கிலும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

நான் ஆபீஸ் குமாஸ்தா புத்தி. கணக்கு வேண்டும். அன்று ராத்திரி பையனை உட்கார வைத்து ஒரு பேப்பரில் போட்டுப் பார்த்தோம். உங்களுக்கும் உதவும், கேளுங்கள்.

ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் கிளட்ச் பிளேட் அப்பளம் மாதிரி மாட்டிக்கொண்டிருக்கிறது. அது எவ்வளவு முறுக்குவிசையைத் தாங்கும் என்பது நாலே விஷயம். லைனிங்கின் பிடிமானம், பிரஷர் பிளேட் அழுத்துகிற பலம், பிளேட்டின் சராசரி ஆரம், எத்தனை பக்கம் உராய்கிறது என்பது. நாலையும் பெருக்க வேண்டும். உதாரணத்துக்கு, பிடிமானம் 0.3. அழுத்தம் 4,000 நியூட்டன், அதாவது சுமார் 400 கிலோ பாரம். சராசரி ஆரம் 8 சென்டிமீட்டர். இரண்டு பக்கம். பெருக்கினால் 192 நியூட்டன் மீட்டர். இப்படிப்பட்ட கிளட்ச்சை 110 நியூட்டன் மீட்டர் எஞ்சினுக்கு மாட்டினால், ஒன்றே முக்கால் மடங்கு தாங்கும். கார் செய்கிறவர்கள் இப்படி ஒரு கையிருப்பு வைத்துத்தான் கிளட்ச் போடுகிறார்கள். தேய்ந்தாலும் சூடானாலும் பாரம் ஏற்றினாலும் பிடிக்க வேண்டுமே.

இதில் இரண்டு சூட்சுமம்.

ஒன்று, கிளட்ச்சுக்குக் குதிரைசக்தி தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் முறுக்குவிசை, அதாவது டார்க். கேம் மாற்றி, எக்ஸாஸ்ட் மாற்றினால் எஞ்சின் அதிகச் சுற்றில் மூச்சு வாங்காமல் ஓடும். அதனால் குதிரைசக்தி ஏறும். ஆனால் டார்க் பெரிதாக ஏறாது. டர்போ வைத்தால் கதை வேறு. இவன் டர்போ வைக்கவில்லை. (வைக்க யோசித்தான் என்பதும் அக்காவுக்குத் தெரிய வேண்டாம்.)

இரண்டு, பிளேட்டின் பரப்பளவு அந்தப் பெருக்கலில் இல்லவே இல்லை. ஆறு வில்லை பிளேட் அதிகம் பிடிப்பது, வில்லையின் சரக்கு உராய்வு அதிகமான சரக்கு என்பதால். சூட்டையும் தாங்கும். அதற்கு விலை, கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்கிற பழக்கம் அதற்குக் கிடையாது. பிடித்தால் பிடிக்கும், விட்டால் விடும். பந்தயக் காரில் அது பரவாயில்லை. அங்கே கிளட்ச்சுக்குப் பெரிய வேலையே கிளம்புகிற ஒரு தடவைதான். செங்கல்பட்டு பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் காலை எட்டு மணிக்கு நூறு மீட்டருக்குள் எத்தனை தடவை கிளம்ப வேண்டும் என்பது, போனவர்களுக்குத் தெரியும்.

பேப்பரைப் பார்த்துப் பையன் பேசவில்லை. ஆனால் மனசு கேட்கவில்லை என்று முகத்தில் எழுதியிருந்தது. இருபத்தைந்து வயதில் பெருக்கல் கணக்கைக் கேட்டு யார் திருந்தியிருக்கிறார்கள்?

மறுநாள் மெக்கானிக் அண்ணன் வேறு வைத்தியம் வைத்திருந்தார். கொட்டாயில் ஒரு ஜிப்ஸி நின்றது. யாரோ ராலிக்காரருடையது. செராமிக் கிளட்ச் போட்டது.

“இந்த வண்டிய எப்படியும் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கணும். நீ ஓட்டு தம்பி. சார், நீங்க பக்கத்துல உக்காருங்க” என்றவர், டீக்கடைப் பையனைக் கூப்பிட்டு என் கையில் ஒரு முழு டம்ளர் டீயைக் கொடுத்தார். “குடிச்சிடாதீங்க. சும்மா புடிச்சிக்குங்க.”

விஞ்ஞானத்துக்காக எத்தனையோ பேர் தியாகம் செய்திருக்கிறார்கள். என் பங்கு அன்று வெள்ளைச் சட்டை. பையன் கிளட்ச்சை விட்டான். வண்டி கழுதை உதைத்த மாதிரி ஒரு குதி குதித்து நின்றது. பாதி டீ மடியில். மறுபடி ஸ்டார்ட் செய்து விட்டான். கடகடகடவென்று ஆடிக்கொண்டே நகர்ந்தது. மீதி டீ சட்டையில். ஏரிக்கரையில் ஒரு மாட்டு வண்டிக்குப் பின்னால் மெதுவாகப் போக வேண்டி வந்தபோது, டம்ளரில் ஒன்றும் இல்லாததால் எனக்குப் பயம் விட்டுப்போயிற்று. பையனுக்கு இடது முழங்கால் வலி எடுத்திருந்தது. பிரஷர் பிளேட் கனமானால் பெடலும் கனமாகும்.

திரும்பி வந்ததும் மெக்கானிக் அண்ணன் ஒன்றே ஒன்று கேட்டார்.

“உங்கப்பாவுக்குக் கையில ஊசி போடுற எடத்துல வலி இருக்குமில்ல தம்பி?”

பையன் ஜிப்ஸி சாவியை மேஜைமேல் வைத்தான். செராமிக் பேச்சு அத்தோடு முடிந்தது.

“சரிண்ணே. கொஞ்சம் கனமான பிரஷர் பிளேட்டு மட்டும் போட்டு, பிளேட்டு சாதாரண லைனிங்...?”

“போடலாம். அதுக்கும் கேபிள் சீக்கிரம் அறுந்துபூடும். நீ ஒவ்வொரு தபா மிதிக்கறப்பயும் கிராங்க்கை முன்னால தள்றே. அதைத் தாங்குற வாஷர் தேயும். வேணும்னா போடு. வேணுமான்னு மொதல்ல பாப்போம். எறக்குடா கியர்பாக்ஸை!”

இறக்கினார்கள். பேட்டரி ஒயரைக் கழற்றி, கியர் ஆயிலை வடித்து, இரண்டு பக்க டிரைவ் ஷாஃப்டையும் உருவி, எஞ்சினை முட்டுக் கொடுத்து நிறுத்தி, பிறகுதான் கியர்பாக்ஸ். ஜாக்கியை மட்டும் நம்பி அவர் யாரையும் வண்டிக்கு அடியில் விடுவதில்லை. நாலு பக்கமும் ஸ்டாண்ட். “ஜாக்கி தூக்கறதுக்கு. தாங்கறதுக்கு இல்ல” என்பது அங்கே சட்டம். உள்ளே இருந்த கறுப்புத் தூசியை ஒரு பையன் காற்று அடித்து ஊதப் போனான். தலையில் ஒரு தட்டு விழுந்தது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், நுரையீரலுக்கு எமன். ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும்.

பிளேட் வெளியே வந்தது. எட்டு மாதம் ஓடிய பிளேட். லைனிங் நிறையவே பாக்கி இருந்தது. ஆனால் எண்ணெய்ச் சட்டியில் விழுந்த அப்பளம் மாதிரி பளபளவென்று ஊறிப்போய் இருந்தது. மெக்கானிக் அண்ணன் ஃப்ளைவீலுக்குப் பின்னால் டார்ச் அடித்தார். கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீல் கசிந்து, எண்ணெய் கோடு போட்டு இறங்கியிருந்தது.

“போன தபா பிளேட்டு மாத்துனவரு இதைப் பாக்கல. சீல் சில நூறு ரூபா சமாச்சாரம். அதை விட்டுட்டு நீ 38,000-க்கு ரேஸ் கிளட்ச் போட்டிருந்தா, அதுவும் எண்ணெய் குடிச்சிட்டு வழுக்கியிருக்கும்.”

பவரும் இல்லை, பந்தயமும் இல்லை. ஒரு ரப்பர் வளையம். பையன் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்தால் சிரித்திருப்பேன். அன்றைக்குச் சிரித்திருந்தால் நான் மாமாவே இல்லை.

அதனால் வாசகர்களே, கிளட்ச் வழுக்கினால் உடனே பர்ஸைத் திறக்காதீர்கள். முதலில் கேபிளைப் பாருங்கள். பெடலில் துளி விளையாட்டுகூட இல்லாமல் இழுத்துக் கட்டியிருந்தால், காலை எடுத்த பிறகும் கிளட்ச் பாதி அமுங்கியே இருக்கும். புதுப் பிளேட்டும் வழுக்கும். அடுத்தது எண்ணெய்க் கசிவு. இரண்டும் சரியென்றால் அப்புறம் தேய்மானம். இந்த மூன்றும் இல்லாவிட்டால்தான் உங்கள் எஞ்சினுக்கு அவ்வளவு வீரம் வந்துவிட்டது என்று சந்தோஷப்படலாம்.

பையன் ஜி.பி. ரோடு போய் பில் போட்டு வாங்கி வந்தான். கம்பெனி செட்டே. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் ஒரே பெட்டியில். கூடவே ஆயில் சீல், புது கேபிள். மொத்தம் பத்தாயிரத்துக்குள் முடிந்தது. பிளேட் மட்டும் மாற்றிப் பழைய பேரிங்கை விட்டுவைப்பது, புது வேஷ்டிக்குக் கிழிந்த அண்டர்வேர் மாதிரி. கியர்பாக்ஸை இறக்குகிற கூலிதான் பெரிது. அதை இன்னொரு தடவை கொடுக்க வேண்டி வரும்.

ஃப்ளைவீலில் சூடு பட்டு மயில் கழுத்து நிறத்தில் திட்டுத் திட்டாக இருந்தது. லேத்தில் கொடுத்து மெல்லிசாக ஒரு சீவல். பிறகு பூட்டுகிற வேலை. பிளேட்டுக்கு முகம் உண்டு. ‘ஃப்ளைவீல் பக்கம்’ என்று எழுதியிருப்பதை மாற்றிப் போட்டால் கிளட்ச் விடவே விடாது. நடு மையம் சரியாக இல்லாவிட்டால் கியர்பாக்ஸ் ஏறாது. அதற்கென்று பழைய கியர் ஷாஃப்ட் ஒன்றை வைத்திருந்தார். பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை ஒரேயடியாக முடுக்காமல், எதிர் எதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக, கடைசியில் டார்க் ரெஞ்ச் வைத்து. ஷாஃப்ட்டின் பல்லில் கிரீஸ், கண் மை இடுகிற அளவுதான். லைனிங்கில் விரல் படக்கூடாது. “பரோட்டா மாவு பிசைஞ்ச கையோட போட்டோ ஆல்பம் தொடுவியா?” என்றார்.

கியர்பாக்ஸை ஏற்றும்போது அதன் கனம் பிளேட்டில் தொங்காமல் நாலு பேர் தாங்கிப் பிடித்தோம். நாலில் ஒருவன் நான். இந்தப் பத்தியை இடுப்பில் பிளாஸ்திரியோடு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கடைசியில் மெக்கானிக் அண்ணன் ஒரு நிபந்தனை போட்டார். “பழைய சைலன்சரை மாட்டுனாத்தான் வண்டி வெளிய போவும்.” பையன் என்னைப் பார்த்தான். நான் ஏரியைப் பார்த்தேன். 2019 ஜனவரியிலேயே சுப்ரீம் கோர்ட், ஆர்.சி.யில் பதிந்த விவரங்களுக்கும் கம்பெனி சொன்னதற்கும் மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று சொல்லியாகிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு. கிளட்ச் தேய்ந்தால் புதுசு போடுவது அதில் வராது. ஆனால் ஊரை எழுப்புகிற குழாய்க்கு அபராதம் போட வேறு விதிகள் உண்டு. விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்வியும் அதுவாக இருக்கலாம். “ரேஸ் விடணும்னா டிராக்குக்குப் போ. அதுக்குன்னு தனி வண்டி, ஹெல்மெட்டு, லைசென்ஸு. ஈ.சி.ஆர்.ல ராத்திரி விடுறவன் ரேஸ்காரன் இல்ல” என்றார் அண்ணன்.

முதல் 500 கிலோமீட்டர் முறுக்கக் கூடாது. பிளேட்டும் ஃப்ளைவீலும் ஒன்றுக்கொன்று பழக வேண்டும். புதுக் கல்யாணம் மாதிரி என்றார். சிக்னலில் நியூட்ரலுக்கு வர வேண்டும். பெடலைக் கால் வைக்கிற பலகையாக்கக் கூடாது. மேட்டில் நிற்க ஹேண்ட் பிரேக் இருக்கிறது. ஹாஃப் கிளட்ச்சில் தொங்கக் கூடாது.

சென்ற வியாழக்கிழமை நானும் கூடப் போனேன். கையில் முழு டம்ளர் டீ. அக்கா, “ஏன் தம்பி, வூட்லயே குடிச்சிட்டுப் போயேன்” என்றாள். “இது குடிக்கிற டீ இல்லக்கா” என்றேன். கருங்குழி, படாளம், மாமண்டூர். ஒரு சொட்டு சிந்தவில்லை. பாலாற்றுப் பாலத்தில் டிராஃபிக். நின்றோம், நகர்ந்தோம், நின்றோம், நகர்ந்தோம்.

“அப்பா, வண்டி எப்படிப்பா இருக்கு?” என்றான் பையன், ரியர் வியூ கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே.

பதில் இல்லை. திரும்பிப் பார்த்தேன். மாமா ஊசி போடும் கையை மடிமேல் வைத்துக்கொண்டு, வாயை லேசாகத் திறந்து, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

பையன் கண்ணாடியைச் சரி செய்துகொண்டான். அடுத்த தடவை கிளட்ச்சை விட்டபோது, வண்டி கிளம்பியதே எனக்குத் தெரியவில்லை.